பர்மெண்ட்

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற கைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டு எதற்கு? பதில் தெரிந்தவர் யாராவது உண்டா?

முனிலட்சுமிக்குத் தெரியவில்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஆறு வருஷமாகக் கம்பி சுற்றினாள். தொடர்ந்து குறிப்பிட்ட நாள் உழைத்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று சட்டம் இருக்கிறது. அந்த நாள் நெருங்கும்போதெல்லாம் கம்பெனி அவளுக்கு ‘பிரேக்’ கொடுக்கும். சில வாரம் வீட்டில் கிடக்க வேண்டும். திரும்பி வந்தால் புது அட்டை. கணக்கில் அவள் புது ஆள். அட்டையின் தலையில் சிவப்பு முத்திரை: TEMPORARY. கம்பெனி பஸ்ஸிலும் வேலை நேரம் முழுக்கவும் அது கழுத்தில் தொங்க வேண்டும்.

எண்பத்தொன்பதாம் வருஷம், மாங்காய் லாரிகள் கிருஷ்ணகிரிக்கு ஓடிக்கொண்டிருந்த சமயம், பர்சனல் ஆபீசர் மூர்த்தி நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார். R, A, T, E. இந்த நான்கு எழுத்தும், எந்த வரிசையிலாவது, வருகிற ஐந்து ஆங்கிலச் சொற்களைச் சனிக்கிழமை எழுதிக்காட்டும் தற்காலிகப் பெண்களுக்கு நிரந்தர வேலை. கீழே ஒரு நிபந்தனை: இருவர் ஒரே சொல்லை எழுதினால் இருவருக்குமே அது செல்லாது.

“மூளை ஓடுதான்னு பாக்கணும்ல? காப்பி அடிச்சா எப்படிம்மா?” என்றார் மூர்த்தி.

அதே கம்பியைச் சுற்றிய ஆண்களுக்கு இந்தச் சோதனை கிடையாது. அவர்களுக்கு மூளை ஓடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து முனிலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. லாரி முதுகு, மருந்துக்கடைப் பலகை, சோப்பு உறை என்று கண்ணில் பட்ட ஆங்கிலத்தையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பிய்த்தாள். WATER சேர்ந்தது. BATTERY சேர்ந்தது. இதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படுமே என்று உடனே இரண்டையும் கணக்கிலிருந்து தள்ளினாள். புருஷன் ராமப்பன் எதிரே வந்து நின்றாலும், அவன் பனியனில் அச்சடித்திருந்த பெயரைத்தான் முதலில் படித்தாள்.

“என் மூஞ்சியில ஏதும் எழுதலியா?” என்று கேட்டான் அவன்.

“எழுதியிருந்தா அதையும் படிச்சிருப்பேன், போ.”

கம்பெனி பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் ஜெய்னப்புக்கு. ஒரே மேசையில் கம்பி சுற்றி, ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். பெங்களூர் போகிற பஸ் ஒன்று அவர்களை முந்தியது. அதன் விலாவில் KARNATAKA.

“ஏமே லட்சுமி, பாரு பாரு! ஆர் இருக்கு, ஏ இருக்கு, டி இருக்கு!”

“ஈ எங்கமே?”

“இது மாங்கா சீசன். இருக்கிற ஈ பூரா கிருஷ்ணகிரி மண்டியிலதான மொய்க்குது!”

இருவரும் சீட்டு அதிரச் சிரித்தார்கள். சிரித்துக் குனிந்த ஜெய்னப் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்.

“கெடச்சிடுச்சா? என்னாது?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் ஜெய்னப் தனி டப்பா கொண்டுவந்தாள். கேன்டீனில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் சொல் விழுந்துவிடுமோ என்று பயம். பக்கத்து மேசைப் பாப்பம்மாதான் பேசினாள்: “நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்.”

“மாரியம்மனுக்கு ஸ்பெல்லிங் தெரியுமாக்கா?” என்றாள் முனிலட்சுமி. யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. தன் மேசையருகே இருந்த இயந்திரங்களின் மேல் தினமும் பார்த்த HEATER, STARTER, GENERATOR மூன்றையும் முனிலட்சுமி எழுதினாள். நாலாவது வரவில்லை. தலையைத் தொங்கப்போட்டவள் கண்ணில் கழுத்து அட்டை பட்டது. TEMPORARY. டி, ஈ, ஆர், ஏ. நான்கும் இருந்தன! ஒரு எழுத்து பிசகாமல் எழுதினாள். இதில் இருந்தால், எதற்காக இத்தனை பாடுபடுகிறாளோ அந்தச் சொல்லிலும் இருக்காதா? பர்மெண்ட். வாயில் சொல்லிப் பார்த்து, காதில் விழுந்தபடியே எழுதினாள்: PARMENT. அதிலும் நான்கும் இருந்தன.

திங்கட்கிழமை மூர்த்தி விடைத்தாள்களோடு கேன்டீனுக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“TEMPORARY. எல்லாரும் எழுதியிருக்கீங்க, ஒருத்தர்கூட தப்பா எழுதல. அதனால ஒருத்தருக்கும் செல்லாது. அப்புறம் பர்மனென்ட். அதையும் எல்லாரும் எழுதியிருக்கீங்க, ஆளுக்கொரு தினுசா! PARMENT, PERMANANT, PARMENANT... ஒண்ணுகூட சரியில்ல. யாரும் பாஸில்ல.”

முனிலட்சுமி ஜெய்னப்பைப் பார்த்தாள். பஸ்ஸில் ஒளித்துவைத்தது எந்தச் சொல் என்று இப்போது புரிந்தது. எல்லோர் நெஞ்சிலும் தொங்கிய சொல்லைத்தான் ஒருத்திக்கொருத்தி ஒரு வாரமாக ஒளித்திருந்தார்கள்.

அவள் எழுந்தாள். “சார், கழுத்துல மாட்டிவிட்டத சரியா எழுதிட்டோம். இன்னொண்ண என்னிக்காவது ஒரு காகிதத்துல எங்களுக்குக் காட்டியிருக்கீங்களா?”

“உக்காரும்மா. நாளையிலேருந்து எல்லாருக்கும் பிரேக்.”

தாள் கைக்கு வந்தது. PARMENT-ஐ அடித்து, மேலே சிவப்பு மையில் மூர்த்தி திருத்தியிருந்தார். அந்தச் சொல்லைச் சரியான எழுத்துகளில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஷிப்ட் முடிந்ததும் தூசி படிந்த கம்பெனி பஸ்ஸின் விலாவில், ஆள் உயரத்துக்கு, விரலால் எழுதினாள்: PERMANENT.

“என்னா, இத மட்டும் எல்லாருக்கும் காட்டற?” என்றாள் ஜெய்னப்.

“நீயும் எழுதுமே. இனிமே எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும்.”

பஸ் ஏற வந்த பெண்கள் எல்லோரும் எழுதினார்கள். மறுநாள் யாரும் வீட்டில் இருக்கவில்லை. அதே சொல்லைத் தலைப்பாகப் போட்ட மனுவோடு தொழிலாளர் அலுவலகத்தில் போய் நின்றார்கள். “நாளைக்கு வாங்க” என்றார்கள் அங்கிருந்தவர்கள். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும்.

உங்கள் தெருவிலும் கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண் ஷிப்டுக்குப் போகிறாள். நாளைக் காலை அவளை நிறுத்தி, எத்தனை பிரேக் வாங்கியிருக்கிறாள் என்று கேளுங்கள். அவள் மனு எழுதினால் அவளோடு அந்த அலுவலகத்துக்கு நடங்கள்.