பேனாவில் போட்ட இரண்டு

நாட்குறிப்பை நான் பேனாவில்தான் எழுதுவேன். தேதி, வகுப்பு, பாடநூலின் பக்கம், எத்தனை மாணவர்கள் வாய் திறந்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். அந்தப் பழக்கம்தான் இந்த முறை காலை வாரியது.

கிள்ளானில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளியில், பாடநூலை மதிப்பிடும் தாள் வந்தால் ஆசிரியர்கள் எல்லாரும் முதலில் பென்சிலில்தான் மதிப்பெண் போடுவோம். ஒன்று முதல் ஐந்து வரை. பாடக்குழுத் தலைவி அவற்றைச் சேர்த்து, ஏற்ற இறக்கம் இருந்தால் அழித்துச் சமமாக்கித் தருவார். அதன்மேல் நாங்கள் பேனாவை ஓட்டுவோம். போன ஆண்டும் அப்படித்தான். எல்லாக் கேள்விக்கும் நான்கு.

இந்த ஆண்டு தாள் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடவேளை முடிந்த கையோடு. இரண்டாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலிலுள்ள பனிச்சறுக்குப் பாடத்தை நடத்திவிட்டு வந்திருந்தேன். கடைசியாகப் போன விடுமுறைப் பயணத்தைப் பற்றி எழுதுவது பயிற்சி. பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"சார், போகாத ஹாலிடேய பத்தி எழுதுனா மார்க் உண்டா?"

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவளுடைய தாள் காலியாகத்தான் வந்தது.

மாணவர் வாழ்க்கையோடு பாடம் பொருந்துகிறதா என்ற கேள்விக்கு எதிரே இரண்டு போட்டேன். பேனாவில்.

"ஐயோ சார், பேனாவுலயா போட்டீங்க?" என்றார் தலைவி. "எல்லாரும் நாலு, நீங்க மட்டும் ரெண்டா?"

"நாலு போட கை வரலம்மா."

"புக்குக்கு மார்க் கொறஞ்சா கல்வி இலாகாக்காரங்க புக்க பாக்க வர மாட்டாங்க சார். உங்க கிளாஸத்தான் பாக்க வருவாங்க. டிரான்ஸ்ஃபர் வேற கேட்டிருக்கீங்க. இப்ப எதுக்கு லா?"

புதுத்தாள் ஒன்றைக் கையில் திணித்தார். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்.

என் வீடு ஒரு மணி நேர ரயில் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில். அதன் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்டு மூன்றாம் முறையாக எழுதிப் போட்டிருந்தேன். அன்று கொம்யூட்டர் ரயிலில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஷா ஆலாமில் பென்சிலை எடுத்தேன், சுபாங் ஜெயாவில் உள்ளே வைத்தேன். வீட்டுக்கு வந்து போன ஆண்டு நாட்குறிப்பைப் புரட்டினேன். அதே பனிச்சறுக்குப் பாடம்: 'மூவர் பேசினர்.' நான்கு நாள் கழித்து: 'மதிப்பீட்டுத் தாள். எல்லாம் 4.' இரண்டும் என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை தலைவியிடம் அந்த இரண்டு போட்ட தாளையே கொடுத்தேன்.

"அப்ப காரணத்த நீங்களே எழுதிக் கொடுங்க சார். எனக்கு ஒரு வேல மிச்சம்" என்றார். நாட்குறிப்பிலிருந்து அந்தப் பாடத்தின் வரிகளைத் தேதியோடு பெயர்த்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரமாகிறது. மாற்றத்துக்குப் பதில் இல்லை. வாசலில் தெரியாத கார் நுழைந்தால் பலகையில் என் கை நின்றுவிடுகிறது. நேற்று ஒரு வெள்ளைக் கார். குளிர்சாதனம் பழுதுபார்க்க வந்தவர்.

"சார், யாரு வராங்க? தெனமும் வெளியவே பாக்குறீங்க" என்றாள் அந்த மாணவி.

"யாருமில்ல. நீ எழுது" என்றேன்.