பச்சைக் கண்ணுக்கு யார் பொறுப்பு

நெரிமா வட்டாரத்தில் இந்த இலையுதிர் காலத்திலிருந்து ஒரு வதந்தி உலவுகிறது. ‘நீர்நாய்ப் பெண்’ என்ற பழைய கார்ட்டூன் படத்தில், பாலத்தின் மேல் நின்று கடைசியாக ஒரு முறை கணவனைத் திரும்பிப் பார்க்கிறாளே நாயகி, அப்போது அவளுடைய பழுப்புக் கண்கள் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் பச்சையாகி மறுபடி பழுப்பாகிவிடும். அது தற்செயல் இல்லையாம். அந்தக் கண்ணுக்கு வண்ணம் தீட்டிய பெண்ணை அன்று காலையில்தான் காதலன் கைவிட்டுப் போனானாம். அழுதுகொண்டே தீட்டினாளாம். கண்ணீர் மறைத்ததில் எந்தப் புட்டியில் தூரிகையை விட்டோம் என்றே தெரியவில்லையாம். அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாளாம், அதுவும் இதே நெரிமாவில், மீன்கடைக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில்.

மீன்கடைக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில் இருப்பவள் தோகிகோ. வயது எழுபத்திரண்டு. வதந்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவள் கணவர் தமோட்சு. முடிவெட்டும் கடையில் கேட்டாராம். பாதி வெட்டிய தலையோடு வந்துவிட்டாரோ என்று சந்தேகப்படும்படி இருந்தது அவர் கோலம்.

“யாருடி அவன்?”

“எவன்?”

“உன்ன உட்டுட்டுப் போனவன்.”

“யாரும் போகலீங்க. நீங்கதான் ஐம்பது வருஷமா இங்கயே உக்காந்திருக்கீங்க.”

“ஊரே சொல்லுது.”

“ஊரு சொன்னா? கேட்டு எனக்கும் சொல்லுங்க. ஆளு பாக்க எப்படி, ராஜாவாட்டம் இருப்பானா?”

தமோட்சு ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாத எதையும் நம்பமாட்டார். அன்று மத்தியானம் மிசோ சூப்பை உறிஞ்சும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோகிகோவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் ஒரு விஷயம் உறுத்தியது. காதலன் யாரும் இல்லை, அது நிச்சயம். ஆனால் அந்தப் பச்சைக் கண்ணை யார் தீட்டியது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சயோ அக்காதான். அதற்காக அறுபது பெண்கள் முன்னால் தலைகுனிந்து திட்டு வாங்கியதும், அடுத்த வாரமே வேலையை விட்டுப் போனதும் சயோ அக்காதான். இதில் தன் பெயர் எப்படி நுழைந்தது?

இருபது வயதில் தோகிகோ அந்த ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டுபவளாக இருந்தாள். இன்று அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மேலே ஆண்கள் படம் வரைவார்கள். கோடுகள் கண்ணாடி போன்ற தாளில் ஏறிக் கீழே வரும். கீழே பெண்கள் தாளைக் குப்புறப் போட்டு முதுகுப்பக்கமாக வண்ணம் நிரப்புவார்கள். வெள்ளைப் பருத்திக் கையுறை, அதில் மூன்று விரல்களுக்கு மட்டும் நுனி வெட்டியிருக்கும். ஒருத்திக்கு ஒரு நாளைக்குக் கண் மட்டும், இன்னொருத்திக்கு இடுப்புக் கச்சை மட்டும். மூன்று வருடம் வேலை பார்த்தும் கதை என்னவென்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. படம் வெளியான அன்று பார்த்தாள். பார்த்தாள் என்றா சொல்வது? தான் தீட்டிய கச்சைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுச் சமையல்காரிக்குச் சாப்பாடு ருசித்த கதை உண்டா?

பிறகு தமோட்சு, இரண்டு பிள்ளைகள், மதிய உணவுப் பெட்டி தயாரிக்கும் கூடத்தில் இருபத்தேழு வருடம். அம்மா ஒரு காலத்தில் ‘பெயிண்ட் அடித்தாள்’ என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சுவருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை.

மறு வாரம் இகராஷி வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, நாற்பத்தைந்து வயது, கோட்டில் நீர்நாய் உருவம் போட்ட பித்தளை வில்லை. ‘நீர்நாய்ப் பெண்’ ரசிகர் மன்றத்தின் செயலாளர். படத்தை அறுபத்தோரு முறை பார்த்திருக்கிறாராம்.

“அறுபத்தொண்ணா? வீட்ல யாரும் ஒண்ணும் சொல்றதில்லயா?” என்று கேட்டார் தமோட்சு.

“வீட்ல யாரும் இல்லீங்க ஐயா.”

“புரியுது.”

இகராஷி கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். பழுப்புக் காகித உறை. பாலக் காட்சியின் தாள்கள் இருந்த உறை. பழைய பொருள் விற்கும் கடையில் கிடைத்ததாம். மேல் மூலையில், தீட்டியவர் என்ற கட்டத்தில், சிவப்பு மையில் வட்டமாக ஒரு முத்திரை: மினோவா. கல்யாணத்துக்கு முன் தோகிகோவின் குடும்பப் பெயர்.

“அம்மா, நீங்கதானே அது? வர்ற ஞாயித்துக்கெழம படம் போடறோம். மேடையில ரெண்டு வார்த்த பேசணும். ஏன் பச்சைன்னு மட்டும் சொன்னா போதும்.”

முத்திரை தன்னுடையது. திட்டு வாங்கியது சயோ. அப்படியானால் செய்தது தானா? தான் செய்த தப்புக்கா சயோ அக்கா வேலையை இழந்தாள்?

ஆனால் இதில் இன்னொரு சங்கடம் இருந்தது. வேலை முடித்தவள்தான் உறையில் தன் முத்திரையைக் குத்த வேண்டும் என்பது ஸ்டூடியோவின் விதி. அறுபது பேருடைய முத்திரைகளும் கதவோரம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும், யார் கை சும்மா இருக்கிறதோ அவள் கைக்கு வந்ததை எடுத்துக் குத்திவிடுவாள் என்பது நடைமுறை. காய்ச்சலில் படுத்திருந்தவர்கள்கூட அந்த மாதம் நூறு உறைகளை முடித்திருக்கிறார்கள். ஆகவே முத்திரை சாட்சி சொல்லும், ஆனால் சாட்சி பொய்யாகவும் இருக்கும்.

ஞாபகத்தைக் கேட்டுப் பார்த்தாள். பிப்ரவரி, பனி, மூன்று நாள் தூக்கமில்லை. ஈரமாக இருக்கையில் அந்தக் கரும்பச்சையும் பழுப்பும் குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒன்றேபோல் இருக்கும். காய்ந்தால்தான் குட்டு உடையும். இந்தக் குட்டு உடைந்தபோது படம்பிடித்து முடித்திருந்தார்கள், மறுபடி எடுக்க நாள் இல்லை. அவளும் சயோவும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நடுவில் புட்டிகள். ஒரு கை பச்சையில் தூரிகையை விடுவது அவளுக்குத் தெளிவாக ஞாபகம் வந்தது. கையுறை போட்ட கை. கையுறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை, ஒரு பெட்டி அரிசி வறுவலை வாங்கிக்கொண்டு சயோ அக்காவின் ஊரான சிச்சிபுவுக்கு ரயிலேறினாள்.

சயோ மலையடிவாரத்தில் சீமைப் பனிச்சைப் பழத் தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, இப்போது தனியாக இருந்தாள். வீட்டு முன்புறம் முழுக்கத் தோல் சீவிய பழங்கள் கயிற்றில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தன.

“அடியே, தோகிகோவா? கெழவியாயிட்டியே!”

“நீங்க மட்டும் குமரியாவா இருக்கீங்க சயோக்கா?”

“எனக்குக் கண்ணு மங்கிடுச்சு. கண்ணாடியில நான் குமரிதான்.”

தேநீர் வந்தது. இரண்டாவது கோப்பையில் தோகிகோ துணிந்துவிட்டாள். “அக்கா, அந்தப் பச்சக் கண்ணு. நீங்களா, நானா?”

சயோ பழத்தோலைச் சீவிக்கொண்டே, “எனக்கெப்படித் தெரியும்?” என்றாள்.

“நீங்கதானே கையத் தூக்குனீங்க?”

“தூக்குனேன். நம்ம சூப்பர்வைசர் கனாமரு கத்துனாரே, ‘யாரு? ஒத்துக்கற வரைக்கும் ஒருத்தியும் நகரக்கூடாது’ன்னு. நீங்கல்லாம் பொம்ம மாதிரி நின்னீங்க. எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு. எவளாவது ஒத்துக்கிட்டாத்தானே கூட்டம் கலையும்? தூக்கிட்டேன்.”

தோகிகோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். “அப்ப வேலைய விட்டது?”

“கையத் தூக்கிட்டு எப்படி இருக்கறது? தெனம் கனாமரு என் மேஜகிட்ட வந்து புட்டிய மோந்து பாத்துட்டுப் போனாரு. ஊர்ல மாப்ள பாத்து வெச்சிருந்தாங்க, வந்துட்டேன்.” கத்தி ஒரு கணம் நின்றது. “அந்த வேல எனக்குப் பிடிச்சிருந்துச்சுடி.”

தோகிகோ பாயில் கைகளை ஊன்றி, நெற்றி தரையில் படுமளவுக்குக் குனிந்தாள்.

“ஏய், எந்திரி. எதுக்கு இது?”

“மன்னிப்பு.”

“நீதான் செஞ்சேன்னு தெரியுமா?”

“தெரியாது.”

“பின்ன? நீ செய்யாம இருந்தா இந்த மன்னிப்ப நான் எங்க கொண்டு வெக்கறது? எடுத்துட்டுப் போ. நானே செஞ்சிருந்தா, நான்தான் உங்கிட்ட கேக்கணும், உன் முத்திரையக் குத்துனதுக்கு.”

“நீங்களா குத்துனீங்க?”

“அன்னிக்கு டப்பா என் பக்கத்துல இருந்துச்சு. இல்ல, அது மறுநாளா?” சயோ அடுத்த பழத்தை எடுத்தாள். “தெரியலடி.”

புறப்படும்போது ஒரு கயிறு முழுக்க உலர்ந்த பழங்களைத் தோளில் மாட்டிவிட்டாள். பதினான்கு.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் இடமில்லை. காலேஜ் பெண்கள், மூன்று தலைமுறையாக வந்த குடும்பங்கள், தனியாக வந்து கைக்குட்டையை முன்கூட்டியே மடித்து வைத்திருந்த ஆண்கள். தோகிகோ முதன்முறையாகக் கதையைப் பார்த்தாள். நீர்நாய் பெண்ணாகி விளக்குக் கூண்டு செய்கிறவனை மணக்கிறது. நனைந்த நிலையில் அவன் தன்னைப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒரு நாள் மழை. அவள் நனைவாளே என்று அவன் குடையெடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். அன்பால் வந்தான், ஆகவே பார்த்துவிட்டான். பாலத்தில் அவள் திரும்பிப் பார்க்கும்போது கண்கள் ஒரு துளி நேரம் பச்சையாயின. பெண்ணின் முகத்துக்குள்ளிருந்து ஆற்றுப் பிராணி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அரங்கம் முழுவதும் மூக்கை உறிஞ்சியது. தோகிகோவும் அழுதாள். இது தப்பு, பிழை, புட்டி மாறிய கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் தமோட்சுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏசி தூசு” என்றார்.

இகராஷி அவளை மேடையேற்றினார். “ஏன் பச்சை?”

“அது தப்புங்க” என்றாள் தோகிகோ. “புட்டி மாறிப்போச்சு. மாத்துனது நானா, முரோய் சயோன்னு பக்கத்து மேஜக்காரியான்னு எனக்குத் தெரியல. அவங்களுக்கும் தெரியல. ஆனா திட்டு வாங்குனது அவங்க, வேலய விட்டதும் அவங்க. கைதட்டறதா இருந்தா அவங்களுக்குத் தட்டுங்க. காதலன்லாம் யாரும் கிடையாது.”

இரண்டு நிமிடம் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் வதந்தி சாகும் என்று நம்புகிறவர்கள் வெளிக்கூடத்தில் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். காலேஜ் பெண் ஒருத்தி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “புரிஞ்சுதா? ரெண்டு பேரும் ஒரே ஆளக் காதலிச்சிருக்காங்க. அதான் காட்டிக்கொடுக்கல.”

தமோட்சுவின் காதில் அது விழுந்தது. ரயிலிலிருந்து இறங்கும்போது, “அப்ப ரெண்டு பேருக்கும் ஒருத்தனா?” என்றார்.

தோகிகோவின் கணக்கு வேறாக இருந்தது. வாங்கின பரிசுக்குப் பாதி மதிப்பிலாவது திருப்பிச் செய்யாமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. அரிசி வறுவலுக்குப் பதில் என்று மூன்று பழத்தைக் கழித்துவிடலாம். மீதிப் பதினொன்று? தான் தப்பு செய்தவளாக இருந்தால், பாதிக்கப்பட்டவளிடமே பழம் வாங்கித் தின்ற பாவி. சயோ செய்திருந்தால், அது முத்திரைக்கான பிராயச்சித்தம். அதற்குப் பதில் மரியாதை செய்தால் முகத்தில் அடித்ததுபோல. ஒன்றுமே இல்லாமல், பழம் அதிகம் காய்த்ததால் கொடுத்தாள் என்றும் இருக்கலாம்.

டிசம்பர் கடைசியில் பெரிய கடைக்குப் போய் நல்ல கடற்பாசிப் பெட்டி ஒன்றை எடுத்தாள். சிச்சிபு முகவரியைக் கொடுத்தாள். கடைப்பெண் வெள்ளை மேலுறையை விரித்து, தூரிகைப் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“மேல என்ன எழுதட்டும்மா? நன்றியா, மன்னிப்பா, வருஷக் கடைசி மரியாதையா?”

பின்னால் வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். தோகிகோ யோசித்தாள். ஒருவர் இருமினார்.

“ஒண்ணும் எழுதாம குடுக்க முடியாதா?”

“குடுக்கலாம். ஆனா வாங்கறவங்களுக்கு எதுக்குன்னு புரியாதேம்மா.”

தோகிகோ பெட்டியை அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி வெளியே வந்தாள். புத்தாண்டும் போய்விட்டது. பழங்களில் இன்னும் இரண்டு பாக்கி இருக்கின்றன, தமோட்சுவைத் தொடவிடவில்லை.