கடைசிச் சுற்றில் காத்திருந்தவர்

நியூசிலாந்தின் பக்குரங்கா மைதானத்தில், பொலிஸ் வேலைக்கான உடற்தகுதித் தேர்வுக்காக என்னோடு ஓடிப் பழகியவர் அவர். எவ்வளவு ஓடினாலும் மூச்சு வாங்காத நெட்டை மனிதர். கடைசிச் சுற்றில் நான் பின்தங்கினால் நின்று காத்திருந்து, கூடவே ஓடி முடிப்பார்.

ஆஸ்திரேலியப் பொலிஸில் சேரப்போகிறேன் என்றபோது தடுத்தார்.

“அங்க எங்கயாவது தூரத்து ஊரிலதான் போடுவாங்கள், தம்பி. அம்மா அப்பாவை ஆர் பாக்கிறது? இஞ்சயே ரெண்டு பேரும் சேருவம்.”

அதை நம்பி நான் விண்ணப்பிக்கவில்லை.

போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பொலிஸ் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். என்னைத் தடுத்தவர் அங்கே விண்ணப்பித்திருந்தார். அவரைப் பற்றி விசாரிக்க என் பெயரைத்தான் கொடுத்திருந்தார்.

“நம்பிக்கையான ஆளா?” என்று அதிகாரி கேட்டார்.

“நம்பலாம்” என்றேன்.

இப்படித்தான் சொல்வேன் என்று என் பெயரைக் கொடுத்தவருக்கு எப்படித் தெரிந்தது?