ஸ்டெல்லா அக்காவின் காட்சி

இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. செம்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு ஸ்டெல்லா அக்கா, ஸ்கூல் டீச்சர், என் குறும்படத்துக்காகத் தன் வீட்டையே மூன்று நாள் கொடுத்தார். நான் "சைலன்ஸ்" என்றதும் ஃபேனை நிறுத்துவார். குக்கர் விசில் அடித்துவிடக் கூடாதென்று அடுப்பையும் அணைப்பார். அந்த நன்றிக்கு அவருக்கும் ஒரு வசனம் கொடுத்து நடிக்கவைத்தேன். எடிட்டிங்கில் படம் நீளமாகத் தெரிந்ததால் அந்தக் காட்சியைத் தூக்கிவிட்டேன். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

காலனி சங்க ஹாலில் உள்ளூர்க்காரர்களின் படங்களைத் திரையிட்ட ஞாயிறன்று, அக்கா பட்டுப்புடவையில், கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் முடியும்வரை நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவருடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்ததும் ஒரு டீச்சர் கேட்டார்: "ஸ்டெல்லா, படத்துல நீ எங்கடி வந்த?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "அந்தப் பொண்ணு அழறப்போ வீடே கப்சிப்னு இருந்துச்சுல்ல? ஃபேன் சத்தமாவது கேட்டுச்சா? அது நான்தான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த படம் எப்போப்பா? முன்னாடியே சொல்லு, சமையலை முடிச்சு வெச்சிடறேன்" என்றார்.

நான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்தப் படத்தில் அமைதியான காட்சி வந்தாலும், யாரோ ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சடக்கி நிற்பது எனக்குத் தெரிகிறது.