நமத்துப்போன லேப்டாப்

லேப்டாப்பை விற்கிறவனுக்குச் சிரித்த முகம் இருந்தால் போதும். அது பழுதாகித் திரும்பி வரும்போது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் பொறுமை வேண்டும். சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு அந்த இரண்டாவது நாற்காலி. தலைக்கு மேல் ‘சர்வீஸ்’ என்று போர்டு தொங்கும். கடை முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வாங்கும்போது அண்ணாச்சியிடம் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்கள், திரும்பி வரும்போது நேராக என்னைப் பார்த்துத்தான் முறைப்பார்கள். மிக்ஸியோ வாஷிங் மெஷினோ செல்போனோ, எந்தக் கடையிலாவது இப்படி ஒரு போர்டுக்கு அடியில் உட்கார்ந்து வசவு வாங்கியவர்களே, மேசைக்கு அந்தப் பக்கம் பில்லும் கையுமாக நின்று கால் கடுத்தவர்களே, இதெல்லாம் நம் எல்லோருக்கும் நடந்ததுதான்.

பொட்டு வைத்த புதுசு

காரியாபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். காலேஜில் சேர்ந்த மகளுக்கு எங்களிடம் வாங்கிய லேப்டாப். பாட்டுப் போட்டால் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது, அதுவும் ஜலதோஷம் பிடித்த குரலில். திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அது உள்ளே இறங்கிக் காய்ந்து, ஆலங்குளம் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

பக்திக்கு வாரண்டி கிடையாது என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பிரஷ் வைத்துச் சுரண்டி எடுத்ததும் பாட்டு கணீரென்று வந்தது. அவருக்குத்தான் மனம் ஆறவில்லை. “ட்ராக்டருக்கு இதவிடப் பெரிய பொட்டாத்தான் வச்சேன், அது ஒண்ணுஞ் சொல்லலியே. இதுக்குச் சக்கரம் இல்லையா, எலுமிச்சம்பழத்த எங்கன வைக்கிறதுன்னு தெரியாம விட்டுட்டோம். அதான் இப்பிடி ஆயிருச்சு” என்றார்.

நமத்துப்போச்சு

பாண்டிச்செல்வி வந்தது ஆனி மாதக் கடைசியில். ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருந்தவள். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கடைகளுக்கான பில் புத்தகம் எல்லாம் வரைந்து கொடுப்பாள். அங்கிருந்து விலகி, வீட்டிலிருந்தே சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று எங்களிடம் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தாள். முதல் ஆர்டரும் கிடைத்துவிட்டது. விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, புதிதாக வரும் வெடி ஒன்றுக்கு லேபிள் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுத்தான் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அதற்குள் லேபிள் அச்சாகி வந்தாக வேண்டும்.

அந்த லேப்டாப்தான், பெரிய படம் எதையாவது திறந்தால் பொசுக்கென்று அணைந்தது. “பொட்டியப் பிரிச்ச அன்னைக்கே இப்பிடித்தாண்ணே. புதுசே நமத்துப்போச்சு” என்றாள். வெளியூரில் முறுக்கும் அப்பளமும்தான் நமத்துப்போகும். எங்கள் ஊரில் எடுபடாமல் போகிற எல்லாமே நமத்துப்போகும். படம் ஓடாவிட்டால் நமத்துப்போச்சு, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாவிட்டால் சம்பந்தம் நமத்துப்போச்சு. ஈரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே வேண்டாம். வெளியூர்க்காரர் காதில் அது ஈரம் என்றுதான் விழும் என்பது எனக்கும் உறைக்கவில்லை. வாரண்டியில் இருப்பதால் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். என் முன்னால் நின்றே பேசினாள்: “ஆமா சார், முழுசா நமத்துப்போச்சு. பத்த வச்சா லேசாக் கண்ணச் சிமிட்டுது, அம்புட்டுத்தான்.”

ஈரம் எங்கே?

மறுநாள் அவளுடைய செல்போனுக்குக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. தண்ணீர் பட்டதால் ஏற்பட்ட சேதம், வாரண்டி பொருந்தாது. செல்போனை என் மேசைமேல் வைத்துவிட்டு, “தண்ணியப் பக்கத்துலகூட வைக்கலண்ணே” என்றாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. நானே கம்பெனிக்குப் போன் செய்தேன்.

எடுத்தவர் சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தம்பி. மரியாதையாகத்தான் பேசினார். நமத்துப்போச்சு என்று கஸ்டமரே சொல்லியிருக்கிறார், பதிவு இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று படம், சம்பந்தம் வரைக்கும் உதாரணம் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பதிவை இன்னொரு முறை ஓடவிட்டார் போலிருக்கிறது. பாண்டிச்செல்வியின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. பிறகு மிகுந்த கவலையோடு கேட்டார்: “பத்த வச்சேன்னு வேற சொல்லியிருக்காங்களே சார். தண்ணியும் வாரண்டில வராது, தீயும் வராது. நான் இப்ப எதைத்தான் சார் போடுறது?”

வெடிக்காத சரம்

நேரில் வந்து பார்க்க இன்ஜினியரை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவரை எதிர்பார்த்து பாண்டிச்செல்வி கடையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த விஸ்வநத்தத்து முதலாளியே தன்னுடைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் எங்களிடம் வாங்கிய புதுசுதான். கீபோர்டில் ஒரு எழுத்து விழவே மாட்டேன் என்கிறது. கம்பெனிக்குப் புகார் கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள் என்றேன். அவர் பதறிவிட்டார். “வேண்டாம் முருகேசு. நான் இதுக்குப் புகார் குடுத்தேன்னா, நாளைக்கு எவனாவது வெடிக்காத சரத்தக் கொண்டாந்து என் மேசைமேல வைப்பான். பட்டாசுத் தொழில்ல இருந்துக்கிட்டு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது” என்றார். அந்த எழுத்து இல்லாமலேயே இத்தனை நாளும் எல்லோருக்கும் பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம்.

தன் உரிமையை இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கிற மனிதர், பாண்டிச்செல்விக்கும் கொஞ்சம் நாள் கூட்டிக் கொடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவள் விஷயத்தைச் சொன்னாள். “அடடா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று சொன்னது கேட்டு எனக்குக் கோபமே வந்துவிட்டது: “ஆடிப்பெருக்குக்கு லேபிள் வந்துரணும் தாயி. இல்லேன்னா பழைய பிரஸ்ஸுக்கே குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாத.”

சிவப்பு எழுத்து

இன்ஜினியர் வந்தார். பிரித்துப் பார்த்தார். துளி ஈரம் இல்லை, மதர்போர்டே கோளாறு, கம்பெனியில் செய்யும்போதே வந்த பழுது என்று சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் வேறு போர்டு வந்துதான் மாற்ற வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

பாண்டிச்செல்வி நேராக அண்ணாச்சியிடம் போனாள். பழுதாக வந்த பொருள்தானே, வேறு புது லேப்டாப் கொடுங்கள் என்று கேட்டாள். அண்ணாச்சி கையை நீட்டினார். அவளுடைய பில்லையே வாங்கி, அடியில் கொட்டைச் சிவப்பு எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது.’ வாசித்துப் பாரும்மா என்றார். அவள் பில் பக்கம் திரும்பவே இல்லை. “வாசிக்கவே வேண்டாம் அண்ணாச்சி, பிரஸ்ல இருந்தப்ப நாந்தான் இத டைப் அடிச்சேன். கறுப்புல சின்னதாத்தான் போட்டேன். செவப்புல பெருசாப் போடச் சொன்னது நீங்க” என்றாள்.

அண்ணாச்சிக்குச் சொன்ன புத்தி

சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு எதிரே, வாடிக்கையாளருக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க முடியுமா? ‘சர்வீஸ்’ போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் என் இனத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். அதனால் நான் அண்ணாச்சிக்குத்தான் புத்தி சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, எனக்கு உங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு. இந்தப் பிள்ளை பாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிட்டா என்ன செய்வீக? வக்கீல்கூட வேண்டாமாம், அவுகளே மனு எழுதிக் குடுக்கலாமாம். ஒரு லேப்டாப் வெலைக்கெல்லாம் கட்டணமும் கிடையாதாம். செஞ்ச கம்பெனியோட, வித்த கடைக்காரவுகளையும் சேத்துத்தான் கூப்பிடுவாகளாம். பில்லுல எம்புட்டுச் செவப்பாப் போட்டிருந்தாலும் பழுதான சாமானுக்கு அது செல்லாதாம்.” அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். “ஏலே முருகேசு, இத நீ எனக்குச் சொல்லுதியா, இந்தப் பிள்ளைக்குச் சொல்லுதியா?” என்றார். நான் குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். பதில் பாண்டிச்செல்வியிடமிருந்து வந்தது. “ரெண்டு பேருக்கும் கேட்டுருச்சு அண்ணாச்சி. அந்த ஆணையத்துக்கு எந்த பஸ்ல போகணும்ணே?”

வேறு திரி

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. பழுதானதைத் திரும்ப வாங்கினால் கம்பெனிக்காரன் அதைத் தன் தலையில் கட்டிவிடுவான் என்ற பயம்தான் அவருக்கு. ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, கடைசியாக ஒரு சமாதானம் பேசிப் பார்த்தார். மதர்போர்டு வரட்டும், மாற்றி வாங்கிக்கொள், அதுவரைக்கும் கடையில் கிடக்கிற பழைய லேப்டாப்பைக் கொண்டுபோ என்றார். அவள் குளிர்பானத்தைத் தொடவில்லை. “புது வெடின்னு வாங்கி, அதுல திரி அத்துப்போயி, வேற திரி சொருகிக் குடுத்தா அது புது வெடியா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அண்ணாச்சி கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் பட்டாசுக் கடை வைத்திருந்தவர்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து பிரிக்காத ஒரு பெட்டியை அவரே எடுத்து வந்தார். இங்கேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போ என்றார். பாண்டிச்செல்வி பென்டிரைவைச் சொருகி, அந்த லேபிளைத் திறந்தாள். தோகை விரித்த மயில் ஒன்று, தோகை முழுக்கப் பொறிப் பொறியாக, திரை நிறைய வந்து நின்றது. அண்ணாச்சி, நான், ரீசார்ஜ் செய்ய வந்த ஆள், எல்லோரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அணையவில்லை. பாண்டிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குளிர்பானத்தை எடுத்துக் குடித்தாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “பழசக் கம்பெனிக்கு அனுப்பிவிடு. போன்ல மட்டும் நம்ம ஊருப் பேச்சப் பேசித் தொலைக்காத” என்றார்.

பூ

ஆடிப்பெருக்கு பூஜையில் மயில் லேபிள் ஒட்டிய பெட்டிதான் முன்வரிசையில் இருந்ததாம். விஸ்வநத்தத்து முதலாளி அடுத்த ஆர்டரையும் பாண்டிச்செல்விக்கே கொடுத்துவிட்டார். எங்கள் கடை பில் புத்தகமும் தீர்ந்திருந்தது. அண்ணாச்சி அந்த வேலையைப் பழைய பிரஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை, அவளைத்தான் கூப்பிட்டார். “அடியில அந்தச் செவப்பு வரி வேண்டாம்மா, எடுத்துரு” என்றார். எடுத்தால் அந்த இடம் வெள்ளையாக இருக்குமே என்று அவள் கேட்டதற்கு, ஒரு பூ போட்டுவிடு என்றார்.

அச்சுக்குப் போவதற்கு முன்னால் மாதிரி கொண்டுவந்து காட்டினாள். அண்ணாச்சி மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். அடியில், அதே இடத்தில், அதே கொட்டைச் சிவப்பில் ஒரு வரி இருந்தது. ‘பழுதான பொருள் மாற்றித் தரப்படும்.’ “நான் பூத்தானம்மா போடச் சொன்னேன்?” என்று கேட்டார். அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: “பூத்தான் போட்டேன் அண்ணாச்சி. நமத்துப்போச்சு.”

பில் அந்த வரியோடுதான் அச்சாகி வந்தது. இப்போதெல்லாம் வருகிறவர்கள் அதில் விரலை வைத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருகிறார்கள் என்பதால், உரிமை யாருக்குக் கிடைத்தாலும் முறைப்பு மட்டும் ‘சர்வீஸ்’ போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கே என்று தெரிந்துகொண்டேன்.