சிலுவைமேல் கால் வைக்காத சவேரிபுரம்

காலை 8.10. காஞ்சிபுரம் பேருந்து நிலையம். பக்கத்து இருக்கையில் மாணிக்கம் அண்ணன், என் கல்லூரித் தோழியின் அண்ணன், ஓரிக்கைக்காரர். பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். அவர் போட்ட டிசைனில் நெய்த கோரைப்பாயை இன்று ஒரு மாதா கோயிலில் விரிக்கிறார்கள். பார்க்க நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன்.

9.20. உத்திரமேரூர். நாஷ்டாவுக்கு நாலு இட்லி, முப்பது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர். எனக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கு இலவசம். அண்ணனுக்குப் பத்து ரூபாய். "உனக்கு ஜன்னல் சீட்டு வேற!" என்று முணுமுணுத்தார்.

10.00. சவேரிபுரம். சேசு சபைக் குருக்கள் ஒரு காலத்தில் தங்கிப் பணியாற்றிய ஊர். அவர்கள் வாழ்ந்த ஓட்டு வீட்டில் இப்போது பாதி நூலகம், பாதி மகளிர் குழுவின் பாய்த் தறிகள். கோரை வந்தவாசிப் பக்கத்திலிருந்து வருகிறது. கோயில் சுவருக்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பைப் புதிதாகப் பூசியிருந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே கைகொடுத்திருக்கிறது. ஏரிப்பாசன விவசாயிகள் டிராக்டரில் மணல் இறக்கியிருக்கிறார்கள்.

குழுத்தலைவி ஸ்டெல்லா அக்கா பரபரப்பாக இருந்தார். "மூணு மணிக்குச் செங்கல்பட்டு கோயில் கமிட்டில இருந்து ஒருத்தர் வராரு. புடிச்சிருந்தா அவங்க கோயிலுக்கும் நாங்கதான். வெளியூர் ஆர்டரே இதான் மொதல்ல."

1.30. தறியிலிருந்து அறுத்துச் சுருட்டி வைத்திருந்த பாயை வாசலிலிருந்து பீடத்தை நோக்கி உருட்டிவிட்டார்கள். வாசலுக்குள் வந்ததுமே கண்ணில் படுகிற மாதிரி பெரிய சிவப்புச் சிலுவை. அழகு. நான் போன் எடுப்பதற்குள், மெழுகுவர்த்தித் தண்டுகளோடு உள்ளே வந்த கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அந்தோணி தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே, கொக்கு மாதிரி நின்னுகினு கீற?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"எங்கம்மா கால வெக்கிறது? சிலுவை கீதே!"

ஒவ்வொருவராகத் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

மாணிக்கம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பட்டுல போட்டா தோள்மேல போவும். கால் படும்னு எனக்குத் தோணவே இல்லியேம்மா."

"உன்ன இன்னாத்துக்குண்ணா சொல்றது? ஒரு மாசமா குந்திகினு நெய்ஞ்சோம், எங்களுக்கே தோணல. கையில வெச்சிப் பாத்துகினு இருந்தோம்ல" என்றார் ஸ்டெல்லா அக்கா.

மேலே ஒரு ஜமுக்காளம் போடலாம் என்றார் ஒருவர். "கெழ சிலுவை கீதுன்னு தெரிஞ்சும் மிதிப்பியா நீ?" என்று அந்தோணி மடக்கினார். சுவரில் மாட்டலாம் என்றேன் நான். பூச்சு இன்னும் ஈரம், ஆணி அடித்தால் பெயர்ந்து வந்துவிடுமாம்.

எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்க, ஸ்டெல்லா அக்கா வாசலுக்கு மேலே இருந்த பாடகர் மாடியை அண்ணாந்து பார்த்தார். "ஏறுங்கடி!"

பாயை மேலே தூக்கி, மரக் கைப்பிடிமீது போட்டுக் கயிற்றால் கட்டினோம். சிலுவை உள்பக்கமாகத் தொங்கியது. மீதிப் பாய் மாடித்தரையில் சுருண்டு கிடந்தது.

3.15. செங்கல்பட்டுக்காரர் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பீடம் வரை நடந்தார். "பாய் எங்கம்மா?"

"திரும்பிப் பாருங்க ஐயா."

திரும்பினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நான் கேட்டது நடக்கிறதுக்காச்சே."

ஸ்டெல்லா அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "நடக்கிறதுக்கு வெறும் கோடு போட்டுத் தரோம் ஐயா. வேற ஒண்ணும் இருக்காது."

அவர் வாசல் பக்கம் திரும்பி வந்து, எட்டிப் பாயின் விளிம்பை இழுத்து, நெசவைத் தடவிப் பார்த்தார். "மொதல்ல ஒண்ணு நெய்யுங்க. விரிச்சுப் பாத்துட்டு மிச்சத்தச் சொல்றேன்."

அவர் தெருமுனை தாண்டும்வரை அடக்கிக்கொண்டிருந்த பெண்கள் பிறகு போட்ட கூச்சலில் மாடிப் புறாக்கள் பறந்துவிட்டன. மாணிக்கம் அண்ணன் அதற்குள் தாளை விரித்துக் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

4.40. கிளம்புமுன் குத்துவிளக்குப் படம் நெய்த சின்னப் பாய் ஒன்றை எடுத்தேன், நூற்றைம்பது ரூபாய்.

"எங்க போடப் போற?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"வாசல்ல, கால் துடைக்க."

வெடுக்கென்று அதை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பச்சைக் கோடு போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதுதான் கிடக்கிறது. அம்மா தயங்காமல் மிதித்துக்கொண்டு உள்ளே வருகிறார்.