ஆட்டு மூளையும் அண்ணனின் நெற்றியும்

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். நரம்பு செல்லின் கருவில் உருவாகும் ஆர்.என்.ஏ. என்ற செய்தி, செல்லின் தொலைதூர முனைக்குத் தானாகப் போய்ச் சேராது. சில புரதங்கள் அதைப் பற்றித் தூக்கிக்கொண்டு போகின்றன. போய்ச் சேரும்வரை அதை வாய் திறக்கவும் விடுவதில்லை. அப்படி ஒரு புரதத்தை ஆட்டு மூளையில் பிடிப்பதுதான் என் வேலை.

உயிர் போனதும் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் உக்கடத்துக் கறிக்கடையில், ஆடு அறுக்கும் இடத்திலேயே ஐஸ் வாளியோடு நிற்பேன். கடைக்கார பாய் மண்டையைப் பிளந்து, சூடு ஆறாத மூளையை வாளியில் போடுவார். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். பிறகு பழகிவிட்டது.

சூலூரில் தறி ஓட்டிய அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அப்பா இறந்தபின் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். என்னைக் கேட்காமலே மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார். நான் ஊருக்குப் போவதையே நிறுத்திவிட்டு விடுதியில் இருந்தேன்.

ஒருநாள் காலையில் மூளையை நறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஆய்வகத்துக்குள் வந்து நின்றார். கூடப் படித்த தோழி மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

"கறிக்கடைக்குப் போற புள்ளைய எவன் கட்டுவான்னு கேக்கறாங்க அம்மணி. கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்."

"வரமாட்டனுங்ணா. வேலை இருக்குதுங்க."

கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துக்கொண்டது. சடையைக் கையில் சுற்றி வாசல்வரை இழுத்தார். குடுவைகள் உருண்டு உடைந்தன. என் முழங்கை கிழிந்தது. தடுக்க வந்த தோழியைச் சுவரில் தள்ளினார். அவள் சுருண்டு விழுந்ததைப் பார்த்ததும், கைக்கு எட்டிய எவர்சில்வர் வாளியை எடுத்து, ஐஸோடு அவர் நெற்றியில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது.

சடை விடுபட்டது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அடிச்சுப்போட்டயே" என்றார் மெதுவாக.

"இன்னொருக்கா கை வெச்சீங்கன்னா இன்னொருக்கா அடிப்பனுங்க."

வாளியைக் கீழே வைக்கவில்லை.

தோழி எழுந்துபோய் ஆட்டோ பிடித்து வந்தாள். மூவரும் அதிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்ட டாக்டரிடம் அண்ணன், "தறிக்கட்டை அடிச்சுப்போச்சுங்க" என்றார். டாக்டர் என் முழங்கையையும் பார்த்தார். அதற்கும் மருந்து வைத்துக் கட்டினார்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அண்ணன் என்னோடு பேசுவதும் நின்றது. அம்மா மட்டும் சூலூர் பஸ்ஸில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்தப் புரதம் அகப்பட அதற்குப் பிறகும் வெகுநாள் ஆனது. இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே பிலிமில், ஆர்.என்.ஏ.வைப் பற்றியபடி, ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"இதுக்குத்தானுங்மா" என்றேன்.